சீசன் முடிந்ததும் தருவதாகச் சொன்ன சம்பள உயர்வு வரவில்லை: என்ன செய்யலாம்?

கடலோரப் பணியாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையின் கிழக்குக் கரையில், நிலாவெளிக் கடற்கரையிலுள்ள நடுத்தர விடுதி ஒன்றின் வரவேற்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சமையலறை, அறைப் பராமரிப்பு, தோட்டம், காவல் எல்லாம் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இருக்கிறோம். விடுதியின் பெயரை எழுத விரும்பவில்லை. யாரும் ஊகித்தும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேலையில் சேரும்போது உரிமையாளர் நேரில் சொன்னது இதுதான். அடிப்படைச் சம்பளம் 35,000 ரூபாய். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் 45,000. அதற்கு மேல், விருந்தினரின் பற்றுச்சீட்டில் சேர்க்கப்படும் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கு. நியமனக் கடிதத்தில் 35,000 மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அதன் கீழே, "ஏனைய கொடுப்பனவுகள் முகாமைத்துவத்தின் தீர்மானத்துக்கு உட்பட்டவை" என்று ஒரு வரி உண்டு. ஆறு மாதம் முடிந்தபோது, "சீசன் முடியட்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். செப்டெம்பரில் சீசன் முடிந்தது. கொழும்பிலிருக்கும் கணக்காளர் பார்க்க வேண்டும் என்றார். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே தொலைபேசி அழைப்பு வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்துவிடுகிறார்.

சேவைக் கட்டணம் என்று இடையிடையே ஒரு தொகை கையில் தரப்படுகிறது. அது எந்த மாதத்துக்குரியது, மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எப்படிப் பிரித்தார்கள் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. சம்பளமும் 10ஆம் திகதியிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, இப்போது 20ஆம் திகதியையும் தாண்டுகிறது. சம்பளச் சிட்டையில் ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) 8 சதவீதம் ஒழுங்காகக் கழிக்கப்படுகிறது. ஆனால் என் கணக்கில் அண்மைய சில மாதங்களுக்கான பணம் வந்து சேரவில்லை.

அவர் என் தகப்பனாருக்கு அறிமுகமானவர். அந்த அறிமுகத்தால்தான் வேலை கிடைத்தது. மாரி தொடங்கிவிட்டால் இந்தக் கரையில் வேறு விடுதிகளும் ஆள் எடுக்க மாட்டார்கள். முகம் முறியாமல் எப்படிக் கேட்பது? கேட்டும் தராவிட்டால் அடுத்து எங்கே போவது? வேலையை விட்டுவிடுவதுதான் நல்லது என்று வீட்டில் சிலர் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு எழுதியது:

தம்பி, உங்கள் கடிதத்தில் மூன்று விதமான கடன்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால்தான் எதை மரியாதையாகக் கேட்டு வாங்குவது, எதைக் கேட்கவே தேவையில்லாமல் உரிமையாகப் பெறுவது என்பது தெளியும். நான் சம்பளக் கணக்கு வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சட்டம் விதித்த கடன் முதலாவது. மாதச் சம்பளம், அந்த மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் இதையே சொல்கின்றன. ஆகவே 20ஆம் திகதிச் சம்பளம் என்பது உங்கள் உரிமையாளர் செய்யும் சலுகை அன்று, ஒவ்வொரு மாதமும் நடக்கும் சட்ட மீறல். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 சதவீதமும் அவருடைய பங்காக 12 சதவீதமும் சேர்ந்து அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் முழுவதும் அவருடைய பணம். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. 35,000 ரூபாய்க்குக் கணக்குப் பார்த்தால் உங்கள் 2,800, அவருடைய 4,200, நம்பிக்கை நிதியத்துக்கு 1,050, ஆக மாதம் 8,050 ரூபாய். இதில் அந்த 2,800 ரூபாய் உங்கள் உழைப்பின் பணம். அதைக் கழித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பதற்கு வியாபார நெருக்கடி எதுவும் சாட்டாகாது. பிந்திக் கட்டினால் தாமதத்தின் அளவைப் பொறுத்து 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மிகைக் கட்டணம் அவர்மீது விழும்.

இரண்டாவது, எழுத்தில் ஒப்புக்கொண்ட கடன். உங்கள் விடயத்தில் அது 35,000 மட்டுமே. மூன்றாவது, வாயால் சொன்ன வாக்குறுதி. 45,000மும் சேவைக் கட்டணமும் இதில் அடங்கும். வாய்ச்சொல்லுக்குப் பெறுமதி இல்லை என்று எண்ண வேண்டாம். ஆனால் அதை நீங்கள்தான் நிறுவ வேண்டியிருக்கும் என்பதால், வேலையில் இருக்கும்போதே அதை எழுத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வெளியேறிய பிறகு அதற்கான வாய்ப்புப் பெரும்பாலும் போய்விடும்.

இன்னுமொன்று. 10,000 ரூபாய் உயர்வைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நீங்கள் இழப்பது 10,000 மட்டுமன்று. அதற்குரிய அவருடைய சேமலாப நிதிப் பங்கு 1,200, நம்பிக்கை நிதியம் 300 ஆகியவையும் சேர்த்து 11,500 ரூபாய். மேலதிக நேரக் கொடுப்பனவும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணிக்கப்படுவதால் அதுவும் குறைகிறது. "கொஞ்சம் பிந்தினால் என்ன, சேர்த்துத் தருவேன்தானே" என்ற பேச்சில் இவை எதுவும் சேர்வதில்லை.

பழைய சமையலறை எழுதியது:

திருகோணமலையிலும் தெற்குக் கரையிலும் விடுதிச் சமையலறைகளில் நெடுங்காலம் நின்றவன் நான். சேவைக் கட்டணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒழுங்காக நடக்கும் விடுதியில் மாதம் முடிந்ததும் ஒரு தாள் ஊழியர் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டப்படும். மேலே அந்த மாதம் சேர்ந்த மொத்தத் தொகை இருக்கும். அதன் கீழே, உடைந்த கோப்பை, பீங்கானுக்கென்று கழித்தது எவ்வளவு என்று ஒரு வரி. பிறகு ஆட்களின் பெயர், ஒவ்வொருவருக்கும் உரிய புள்ளி, வேலை செய்த நாள், ஒரு புள்ளியின் பெறுமதி, கடைசியாகக் கைக்கு வரும் தொகை. தலைமைச் சமையல்காரருக்குப் புள்ளி கூட, புதிதாக வந்த பையனுக்குக் குறைவு; அதில் எவரும் சண்டை பிடிப்பதில்லை, ஏனென்றால் கணக்குச் சுவரில் இருக்கிறது. அந்தத் தாள் ஒட்டப்படாத இடத்தில்தான் சமையலறையும் வரவேற்பும் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கும்.

எனவே தம்பி, தொகையைக் கூட்டித் தாருங்கள் என்று தொடங்காமல், பட்டியலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பட்டியல் கேட்பவரிடம் பணமில்லை என்று பதில் சொல்ல முடியாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீங்கள் வரவேற்பில் இருப்பதால் பற்றுச்சீட்டுகள் எல்லாம் உங்கள் கையால்தான் போகும். அவற்றைத் தொலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விருந்தினரின் விபரங்களை வெளியே எடுத்தார் என்று உங்கள்மீதே ஒழுக்காற்று விசாரணை வைத்துவிடுவார்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். ஏடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் வரவழைத்துப் பார்க்கும் அதிகாரம் தொழில் திணைக்கள உத்தியோகத்தருக்கு இருக்கிறது. அந்த வேலையை அவரிடம் விடுங்கள்.

அலஸ்தோட்டம் விருந்தகம் எழுதியது:

சிறிய விருந்தகம் ஒன்றை நடத்துபவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் எழுதுவது என் கடமை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு அறைகள் வெறுமையாகின. அடுத்த வருடம் கொரோனா வந்தது. 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமல் சமையலறையை நடத்துவதே போராட்டமாக இருந்தது. கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை உழைப்பதை வைத்துத்தான் மாரி மாதங்களின் மின்சாரக் கட்டணத்தையும் வங்கித் தவணையையும் கட்டுகிறோம். நல்ல சீசன் வரும் என்ற நம்பிக்கையில் வாக்குக் கொடுத்துவிட்டு, அது பொய்த்துப்போனபோது ஊழியரின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு ஒதுங்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். அவர் அழைப்பு வந்ததாகச் சொல்லி எழுந்துபோவது இந்தக் கூச்சமாகவும் இருக்கலாம்.

ஆகவே, கேட்கும் முறையில் அவருக்கு ஒரு வழியைத் திறந்து வையுங்கள். ஊழியர்கள் நிற்கும் இடத்திலோ, விருந்தினர் வரும் நேரத்திலோ கேட்க வேண்டாம். முதல் நாளே "நாளைக்கு அரை மணி நேரம் தேவை, என் சம்பள விடயம்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போங்கள். முழுத் தொகையையும் ஒரே நாளில் கேட்பதைவிட, இந்த மாதத்திலிருந்து 45,000, பின்னிலுவை தவணையில் என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

ஈ.பி.எப் விடயத்தில் அவருக்காகப் பேச என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஊழியரிடம் கழித்த பணத்தைத் தொடக்கூடாது.

மணிக்கூட்டுக் கோபுரம் எழுதியது:

அலஸ்தோட்டம் ஐயா எழுதியதை மதிக்கிறேன், ஆனாலும் ஒரு இடத்தில் உடன்பட முடியவில்லை. நெருக்கடி உண்மையானால் அதை எண்களில் காட்டலாம். இந்தச் சீசனில் இத்தனை அறை இரவுகள் போயின, இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, ஆகவே உயர்வை இந்த மாதம் வரை ஒத்திவைக்கிறேன் என்று ஊழியர்களை அழைத்துச் சொல்லும் முதலாளியோடு எவரும் மல்லுக்கு நிற்கப்போவதில்லை. இங்கே நடப்பது அதுவன்று. ஆறு மாதம் என்றார், பிறகு சீசன் என்றார், பிறகு கணக்காளர் என்றார். ஒவ்வொரு முறையும் தவணை மாறியது, காரணமும் மாறியது. சேவைக் கட்டணமோ அவருடைய வருமானத்திலிருந்து கொடுப்பதே அன்று. ஊழியரின் பெயரைச் சொல்லி விருந்தினரிடம் தனியாக வாங்கியது. நட்டம் வந்த வருடத்திலும் வாங்கப்பட்ட சேவைக் கட்டணம் வாங்கப்பட்டதுதான்.

கூச்சத்தால் ஒதுங்குகிறார் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கூச்சத்தின் செலவை மாதாமாதம் சுமப்பது யார்? மளிகைக் கடைக் கொப்பியில் கடன் எழுதும் குடும்பங்கள்தான்.

கடலோரப் பணியாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பேரேடு ஐயா சொன்னபடி எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் எங்கள் உரிமையாளர் எதையும் எழுத்தில் தருவதில்லை. வட்ஸ்அப்பில் கேட்டாலும் பதில் எழுதாமல் அழைப்பெடுத்துப் பேசிவிடுவார். கடிதம் தாருங்கள் என்று கேட்டால் என்னை நம்பவில்லையா என்பார். இப்படிப்பட்டவரிடம் எப்படி எழுத்தில் வாங்குவது?

பேரேடு எழுதியது:

அவர் எழுத வேண்டாம், நீங்கள் எழுதுங்கள். பேசி முடித்த அன்றே, மாலைக்குள், இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"வணக்கம் ஐயா. இன்று காலை நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. பேசியவற்றை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று உறுதிப்படுத்துவதற்காக எழுதுகிறேன். தகுதிகாண் காலம் முடிந்த மாதத்திலிருந்து என் அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபாய் என்பதும், அன்றிலிருந்து வர வேண்டிய வித்தியாசம் வரும் மாதச் சம்பளத்துடன் தொடங்கி மூன்று தவணைகளில் தரப்படும் என்பதும் தாங்கள் கூறியவை. மே முதல் செப்டெம்பர் வரையான சேவைக் கட்டணப் பட்டியலை இம்மாத இறுதிக்குள் எங்கள் பார்வைக்கு வைப்பதாகவும் கூறினீர்கள். நான் எதையாவது பிழையாக விளங்கியிருந்தால் அறியத்தரவும்."

இந்தச் செய்தியில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. தொகை இருக்கிறது, தொடங்கும் மாதம் இருக்கிறது, முடியும் நாள் இருக்கிறது. அவர் உண்மையில் சொல்லாத எதையும் இதில் சேர்க்கக்கூடாது. ஒரு சொல் மிகைப்பட்டாலும் முழுச் செய்தியையும் மறுக்க அவருக்கு வழி கிடைக்கும். அவர் "சரி" என்று ஒரு சொல் எழுதினாலும் போதும். தொலைபேசியில் அழைத்து மறுத்தால், அன்றே "தங்கள் அழைப்பில் இவ்வாறு கூறினீர்கள்" என்று இன்னொரு செய்தி. பதிலே எழுதாவிட்டாலும், நடந்த நாளிலேயே எழுதப்பட்ட குறிப்பு என்ற பெறுமதி அதற்கு உண்டு. மறுப்பு வராத இரண்டு மூன்று செய்திகளை வரிசையாக வைத்து விசாரணையில் காட்டும்போது, சொல்லவே இல்லை என்று சாதிப்பது அவருக்குக் கடினமாகிவிடும். செய்திகளைத் தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் அச்செடுத்து வையுங்கள்.

கொடுத்த நாள் கடந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்தது பதிவுத் தபாலில் கடிதம். தபாலகப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூதூர்த் தொழிலாளி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரர்களே. நியமனக் கடிதம் உள்ளவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டட வேலையில் எங்களுக்குக் கடிதமும் இல்லை, சிட்டையும் இல்லை. கொந்தராத்துக்காரர் நாட்கூலி ஒன்று பேசிக் கூட்டிப்போகிறார். வாரக் கடைசியில் பாதியைத் தந்து, மீதி கட்டட உரிமையாளர் தந்ததும் என்கிறார். உரிமையாளரிடம் கேட்டால் நான் கொந்தராத்துக்காரரிடம் கொடுத்துவிட்டேன் என்கிறார். எங்களுக்கு ஏதாவது வழி உண்டா?

சட்டப்பிரதி எழுதியது:

உண்டு சகோதரரே. திருகோணமலையில் சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். அங்கு வந்துபோகும் விடயங்களிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடிதம் தராதது வேலை கொடுத்தவரின் குறைபாடு. அதனால் உங்கள் உரிமை குறைந்துவிடாது. சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதன்று. தற்காலிகமாகவோ நாட்கூலிக்கோ வேலை செய்பவருக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும். கேள்வி, வேலை செய்ததை எப்படிக் காட்டுவது என்பதுதான். வேலைத்தளத்து வரவு இடாப்பு, வங்கியில் விழுந்த பணம், ஈசி காஷ் போன்ற முறையில் வந்த பணத்தின் குறுஞ்செய்தி, நாளைக்கு இத்தனை மணிக்கு வாருங்கள் என்று கொந்தராத்துக்காரர் அனுப்பிய குரல் செய்தி, வேலைத்தளத்தில் எடுத்த படம், சேர்ந்து வேலை செய்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் சான்றுதான். வேலை செய்த நாட்களையும் பெற்ற தொகையையும் ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதி வாருங்கள். வாரப் பாதி மட்டும் தரும் நாளில் "இத்தனை ரூபாய் பெற்றேன், இவ்வளவு மீதி" என்று அவர் கண் முன்னாலேயே எழுதுங்கள். முறைப்பாட்டில் கொந்தராத்துக்காரர், வேலைத்தள உரிமையாளர் இருவரையும் குறிப்பிடுங்கள். எவர் பொறுப்பு என்பதை விசாரணை தீர்மானிக்கட்டும். அதை நீங்கள் முன்கூட்டித் தீர்மானித்து ஒருவரைத் தப்பவிட வேண்டியதில்லை.

பெயர் வேண்டாம் எழுதியது:

நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் பெண் நான். எங்களுக்குச் சம்பளப் பட்டியலில் 30,000 என்று எழுதியிருக்கிறது. கையில் தருவது 22,000. 30,000க்கு எதிரேதான் கையொப்பம் வாங்குகிறார்கள். கூட்டித் தருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே காலம் போகிறது. கையொப்பமிட மாட்டேன் என்றால் நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள்.

பேரேடு எழுதியது:

தங்கச்சி, உங்கள் கடையில் நடப்பது வெறும் வாக்குத் தவறல் அன்று. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச சம்பளச் சட்டம் வந்தபோது தொகை 10,000 ஆக இருந்தது. 2024இல் 17,500 ஆனது. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அதை அவ்வாண்டு ஏப்ரலிலிருந்து 27,000 ஆகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் உயர்த்தியது. பட்டியலில் 30,000 என்று எழுதுவதற்கும் கையில் 22,000 தருவதற்கும் காரணம் இதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கையொப்பமிட மறுப்பதைவிட, கையொப்பத்துக்குப் பக்கத்தில் பெற்ற தொகையையும் திகதியையும் நீங்களே எழுதப் பாருங்கள். அதற்கும் விடமாட்டார்கள் என்றால், வீட்டுக்கு வந்ததும் அன்றே எழுதி வையுங்கள். பெற்ற 22,000ஐ அப்படியே வங்கிக் கணக்கில் இட்டுவிட்டுப் பிறகு தேவைக்கு எடுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை, சம்பளம் தந்த நாளிலேயே வைப்பிலிடப்பட்டிருந்தால் அது பேசும். தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது முறைப்பாடு செய்தவரின் பெயரைக் கடைக்காரருக்குச் சொல்லாமல் பொதுவான பரிசோதனையாகச் செய்யும்படி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கடையிலுள்ள எல்லோருடைய பட்டியலும் பார்க்கப்படும்போது உங்களைத் தனியே குறிவைப்பது கடினம். உங்களைப் போன்ற பிள்ளைகள் எத்தனை கடைகளில் இப்படி நிற்கிறார்கள் என்று நினைக்கும்போது மனம் மிகவும் வருந்துகிறது. பயப்படாமல் போங்கள்.

சட்டப்பிரதி எழுதியது:

இழையைத் தொடங்கிய தம்பிக்கு, வேலையை விடுவது பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் அவதானமாகச் செய்ய வேண்டியது.

கோபத்தில் வேலையை விடும் பலர், "தனிப்பட்ட காரணங்களால் விலகுகிறேன், இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி" என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சில மாதம் கழித்துக் கடிதத்தின் பிரதியோடு எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். சம்பளம் தராமல், தொடர்ந்து வேலையில் இருக்க முடியாதபடி செய்ததால்தான் விலகினேன் என்று, வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் சொல்லலாம். சபை அதை வேலைநீக்கத்துக்குச் சமமாகக் கொள்ளவும் இடமுண்டு. ஆனால் தன் கையெழுத்திலேயே தனிப்பட்ட காரணம் என்று எழுதியவருக்கு அந்த வாதம் மிகவும் கடினம். விலகத்தான் வேண்டும் என்றால் காரணத்தை அப்படியே எழுதுங்கள்: இத்தனை மாத நிலுவை, இத்தனை மாதச் சேமலாப நிதி கட்டப்படவில்லை, இன்னின்ன திகதிகளில் கேட்டேன், தீர்வில்லை. நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் அவகாசம். அந்த ஆறு மாதத்துக்குள் "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தே காலத்தை இழந்தவர்கள் உண்டு.

வெளியேறும் நாளில் "எனக்குரிய சகல கொடுப்பனவுகளையும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டுவார்கள். பெறாமல் அதில் ஒப்பமிட வேண்டாம்.

முறைப்பாடு செய்தால் நிறுத்திவிடுவார் என்ற பயம் இருக்கும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்கள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. இருபதுக்கு மேற்பட்டோர் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே அது உங்களுக்குப் பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்று சமையலறை ஐயா சொன்னதன் பெறுமதியும் இங்கேதான்: நேரத்துக்குப் போங்கள், வேலையைக் குறையின்றிச் செய்யுங்கள்.

உங்கள் விடுதியில் ஐந்து வருடம் முடித்த சமையல்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தின் அரைவாசி அவர்களுக்கு உரியது. கடைசிச் சம்பளத்தை வைத்தே அது கணிக்கப்படுவதால், தள்ளிப்போடும் உயர்வு அவர்களுக்குப் பழைய வருடங்கள் எல்லாவற்றிலும் குறைகிறது.

மணிக்கூட்டுக் கோபுரம் எழுதியது:

தனியாகப் போக வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய 1935ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. சங்கம் வரை போகாவிட்டாலும், நான்கைந்து பேர் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டுப் போனால் ஒருவரின் தனிப்பட்ட மனக்கசப்பு என்று அதை ஒதுக்க முடியாது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். பதிலையும் தமிழிலேயே பெறும் உரிமை நமக்கு உண்டு. சேமலாப நிதி மீதியைப் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, அடையாள அட்டையோடு போய் விசாரியுங்கள்.

கடலோரப் பணியாளர் எழுதியது:

நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் நாள் சொல்லி வைத்து, மறுநாள் காலை உரிமையாளரைத் தனியே சந்தித்தேன். கேட்டுக்கொண்டார், கோபிக்கவில்லை. இந்த மாதத்திலிருந்து 45,000 என்றும், பின்னிலுவையைத் தவணையில் தருவதாகவும் சொன்னார். அன்று மாலையே ஐயா எழுதித் தந்த மாதிரியில் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு "பார்ப்போம்" என்று ஒரு சொல் வந்தது. மாத முடிவில் சம்பளம் 35,000மாகவே வந்தது. சேவைக் கட்டணப் பட்டியல் மட்டும் இரண்டு மாதங்களுக்கு உரியது சாப்பாட்டு அறையில் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்த பிறகு சமையலறையில் இருந்தவர்களுக்கும் கேட்கும் துணிவு வந்தது. பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம்; அதற்கும் பதில் இல்லாததால் நான்கு பேராகத் தொழில் அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு இரு தரப்பையும் அழைப்பார்கள் என்றார்கள். தகப்பனாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். செய்த வேலைக்குக் கூலி கேட்பதில் அறிமுகத்துக்கு என்ன இழுக்கு என்று அவர் சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது.

விசாரணை நாளில் எவற்றைக் கொண்டுபோக வேண்டும்? அங்கே வைத்துச் சமரசமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாமா?

சட்டப்பிரதி எழுதியது:

நியமனக் கடிதம், கிடைத்த சம்பளச் சிட்டைகள் எல்லாம், வங்கிக் கணக்குக் கூற்று, அச்செடுத்த செய்திகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், அடையாள அட்டை. இவற்றோடு ஒரே ஒரு தாளில் மாதவாரியாகக் கணக்கு: வர வேண்டியது, வந்தது, வந்த திகதி, மீதி. நான்கு பேருக்கும் நான்கு தாள். உத்தியோகத்தர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். சுவரில் ஒட்டிய சேவைக் கட்டணப் பட்டியல் எல்லோரும் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது என்பதால் அதன் தொகைகளைக் குறித்துக்கொண்டு போகலாம். மீதி மாதங்களின் பட்டியலை அங்கேயே கேளுங்கள்.

சமரசம் நல்லதுதான். ஆனால் தொகையும் தவணைத் திகதிகளும் உத்தியோகத்தரின் முன்னிலையில் எழுதப்பட்டு இரு தரப்பும் ஒப்பமிட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் வைத்து "முறைப்பாட்டை எடுத்துவிடு, நாளைக்குத் தருகிறேன்" என்றால், பணம் கைக்கு வந்த பிறகு எடுக்கலாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். சேமலாப நிதியைக் கட்டாமலே விட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்து தண்டப்பணத்தைப் போல அறவிட முடியும். அதற்குச் சில மாதங்கள் செல்லும், மனம் தளர வேண்டாம்.

பேரேடு எழுதியது:

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. சம்பள வித்தியாசத்தை நிலுவையாகத் தரும்போது அதைப் "படி" என்றோ "அன்பளிப்பு" என்றோ எழுதிக் கையில் தந்துவிடப் பார்ப்பார்கள். அது அடிப்படைச் சம்பளத்தின் பின்னிலுவை என்று எழுதப்பட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மாதத்து 10,000க்கும் உங்கள் 800, அவருடைய 1,200, நம்பிக்கை நிதியத்தின் 300 என்று சேர்த்துக் கட்ட வேண்டிவரும். ஒப்பந்தத் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஒப்பமிடுங்கள்.